மாட்டுறிக்ஸ்

3-5-1962
உலக மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. விருதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி இன்று காலை காலமானது. இயற்கை மரணம் அல்ல. நிறுத்தியவர் வள்ளித்தாய் அக்காவின் கணவர், சங்கரபாண்டியன் அத்தான். விசிறி சுற்றினால் காகிதம் பறக்கிறதாம். கீழே அப்பாவின் வத்தல் மூட்டைகள், மேலே நான். தும்மவும் தடை. தும்மினாலும் காகிதம் பறக்கும்.

அத்தான் மெட்ராசில் புள்ளியியல் ஆராய்ச்சி செய்கிறார். ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பங்களிடம் தை மாதம் பன்னிரண்டு கேள்விகள் கேட்டோம். அதாவது நான் கேட்டேன். அந்தப் பதில்களெல்லாம் இப்போது கேள்விக்கு ஒரு வரிசை வீதம் பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு பத்தியாக ஒரு எண்கட்டமாகி நிற்கின்றன. பேர் மேட்ரிக்ஸ். அதைத் தலைகீழாக்க வேண்டும் என்றார். தாளைத் திருப்பி வைத்தேன். குட்டு விழுந்தது.

5-5-1962
விஷயம் இதுதான். ஐந்தை ஐந்தில் ஒன்றால் பெருக்கினால் ஒன்று வருகிறதல்லவா? அதுபோல இந்தக் கட்டத்துக்கும் ஒரு எதிர்க்கட்டம் உண்டாம். இரண்டையும் பெருக்கினால் குறுக்குக் கோட்டில் ஒன்று ஒன்றாக நிற்கும், மற்ற இடமெல்லாம் பூஜ்யம். நாலு வரிசைக்கே காலேஜ் வாத்தியார்களுக்கு மூச்சு வாங்குமாம். எங்களுக்குப் பன்னிரண்டு.

ஆயுதம், இரவல் வாங்கிய கணக்கு மிஷின். கைப்பிடியை முன்னால் சுற்றினால் பெருக்கல், பின்னால் சுற்றினால் வகுத்தல். அளவு மீறினால் டிங் என்று மணி அடிக்கும்.

என் பேர் பலவேசம். இந்த விடுமுறையில் ஒரே வேசம்தான் — செக்குமாடு.

9-5-1962
மேசைக்கடியில் சைக்கிள் பெல்லைக் கட்டி வைத்தேன். டிங். அத்தான் மிஷினைத் தட்டினார். டிங். கவிழ்த்துப் பார்த்தார். டிங். அப்புறம் மேசையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்.

இப்போது கதவுக்குப் பூட்டு. சாவி அத்தான் மடியில். கிணற்றில் குதிக்கப் போகலாம் என்று என் கூட்டாளி செல்லப்பாண்டி தெருவில் நின்று கூப்பிட்டான். ஜன்னல் கம்பி வழியாக என் கை மட்டும் போயிற்று. இது மேட்ரிக்ஸ் இல்லை. மாட்டுறிக்ஸ்.

16-5-1962
எதிர்க்கட்டம் தயார். பெருக்கிப் பார்த்தோம். ஒன்று வர வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் எண்ணூற்றுச் சொச்சம்.

"ஏலே, எங்கன தப்பாச் சுத்துனே?" என்றார் அத்தான்.

வரலாறு படிக்கட்டும் என்று இங்கே பதிகிறேன்: பலவேசம் ஒரு சுற்றுகூடத் தப்பாகச் சுற்றவில்லை. ராமநாதபுரம் ஜில்லாவிலேயே இந்தக் கைக்கு ஈடு கிடையாது.

முதலிலிருந்து ஆரம்பம்.

17-5-1962
சுற்று.

26-5-1962
மறுபடியும் அதே இடம். ஒவ்வொரு வரிசையாகக் கழித்துக்கொண்டே வந்தால் எட்டாவது வரிசை மட்டும் தேய்ந்து தேய்ந்து பூஜ்யத்தை ஒட்டிக்கொள்கிறது. அதைக் கொண்டு வகுத்தால் எண்கள் லட்சத்தில் போய் நிற்கின்றன.

அத்தான் சாப்பிடவில்லை. ஜூன் முடிவதற்குள் கணக்கை அனுப்பாவிட்டால் ஆராய்ச்சி இடம் போய்விடும் என்று அக்கா சொன்னாள். போனால் மெட்ராஸ் கிடையாது, எங்கள் அப்பாவைப் போலவே அவருடைய அப்பாவும் நடத்தும் வத்தல் மண்டிதான்.

"ஒரு வரிசை இன்னொண்ணோட நிழலா இருந்தாத்தாம்லே இப்பிடி வரும்," என்றார். "ஆனா நீ வீடு வீடாப் போயி கேட்டு எழுதுனது. அது எப்பிடி நிழலாகும்? எனக்குத்தான் கணக்கு வரல போல."

எட்டாவது வரிசை எந்தக் கேள்வி என்று தாளைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர்?

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

27-5-1962
சொல்லலாமா? சொன்னா என்னயக் கொன்னே போடுவாரு. சொல்லலன்னா — மூணாவது வாட்டியும் சுத்தணும், மறுபடியும் அங்கனயே வந்து நிக்கும், அவரு தன் தலையிலயே போட்டுக்கிடுவாரு. மணி அடித்தாலே பதறுகிறது. கதவு இன்று திறந்துதான் கிடந்தது. நான் வெளியே போகவில்லை.

29-5-1962
சொல்லிவிட்டேன். அத்தான் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். மிஷினுக்கு உறையை மாட்டினார். "சட்டயப் போடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார். சாத்தூரில் பஸ் மாறினோம்.

4-6-1962
ஏழாயிரம்பண்ணை. தினமும் சாயங்காலம் வீடு வீடாகப் போகிறோம். பெண்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் தண்ணீர்க் கணக்குக் கிடைக்கும். முதல் நாள், தீப்பெட்டி வேலைக்குப் போகும் மாரித்தாய் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சாயந்தரம் வாரேன்னுட்டுப் போன தம்பிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? குடம் அங்கன இருக்கு. தூக்கிட்டு வாங்க, சேந்து எண்ணுவோம்."

அவள் வீட்டில் ஒன்பது பேர். தண்ணீர் நாலு குடம். வேலை முடிந்து அவள் போகும் நேரத்துக்கு ஊற்றில் அதற்குமேல் கிடைப்பதில்லை. அடுத்த வீட்டில் இரண்டே பேர், ஆடுகளுக்கும் சேர்த்து ஏழு குடம். என் தாளில் மாரித்தாய் வீட்டுக்குப் பதினெட்டு. பக்கத்து வீட்டுக்கு நாலு.

ஏனென்றால் தை மாதம் பகலில் ஒரு சுற்று போய், வீட்டில் எத்தனை பேர் என்பது முதல் மற்றக் கேள்விகளையெல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டேன். குடத்துக்காகச் சாயங்காலம் இரண்டாவது சுற்று போயிருக்க வேண்டும். நான் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டே ஆளுக்கு இரண்டு குடம் என்று ஊர் முழுக்க எழுதிவிட்டேன்.

இடுப்பு வலிக்கிறது. அத்தான் இன்று புதுக் குடக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது ஆள் கணக்கோட நிழல் இல்லலே," என்றார். நாளை மறுநாள் மாடி அறை, அதே கைப்பிடி.

மே பதினாறில் எழுதியதை அழிக்க மனம் வரவில்லை. பலவேசம் மிஷினில் ஒரு சுற்றுகூடத் தப்பாகச் சுற்றவில்லை, அது சத்தியம். ஊருக்குள்தான் ஒரு சுற்றுக் குறைந்துவிட்டது.