இடுப்புக்குள்ள அசையறது

என் வாலுக்குட்டிக்கு சித்தி எழுதறது. இங்க நானும் உங்க சித்தப்பாவும் கடவுள் புண்ணியத்துல நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் ஒரு காய்ச்சல் தலைவலி இல்லாம இருக்கணும்னு தினம் வேண்டிக்கறேன். ஆஸ்பத்திரில வெச்சுவிட்ட சோதனை எப்படிப் போகுதுன்னு நீ போன்ல கேட்டப்பல்லாம் பரவாயில்லன்னு மழுப்பிட்டேன், பக்கத்துல சித்தப்பா உக்காந்திருந்தாரு, அதான் எழுதறேன். ரெண்டுக்குப் போறதை அடக்க முடியாம நான் பட்டதெல்லாம் நீ பாத்ததுதானே, தையல் கம்பெனில கதவோர மெஷின், பஸ்ல படிக்கட்டுப் பக்கத்து சீட்டு, பையில எப்பவும் மாத்துத் துணி. எந்தத் தெருவுல கக்கூஸ் எங்க இருக்குன்னு என்னை விட்டாத் தெரிஞ்ச ஆளில்ல. டாக்டர் பொண்ணு இடுப்பெலும்புக்குப் பின்னாடி நரம்புகிட்ட மெல்லிசா ஒரு வயரை விட்டு, வெளிய பெல்ட்டுல லேசாக் கரண்டு குடுக்கற ஒரு டப்பாவை மாட்டி, அதைக் கூட்டிக் குறைக்கக் கையில ரிமோட்டும் குடுத்துச்சு. கொஞ்ச நாள் பாப்போம், அடக்க முடிஞ்சா ஆபரேஷன் பண்ணி டப்பாவையே தோலுக்கு அடியில வெச்சுடலாம்னு சொல்லிச்சு. சித்தப்பா சும்மா இருப்பாரா, இதுல வாயை மூடற பட்டன் எதுன்னு நர்ஸம்மாகிட்டயே கேட்டாரு, மனுசன்.

சொன்னா நம்ப மாட்டே, அடங்குதுடி. பிரார்த்தனைக் கூடத்துல முன்வரிசையில உக்காந்து கடைசிப் பாட்டு வரைக்கும் எந்திரிக்கல. ஆனா அங்கதான் கவனிச்சேன், உள்ள கீழ லேசா ஏதோ துடிச்சுது. அப்படித் துடிக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, ஆனா இது எனக்குப் பழகின துடிப்பு. உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல கண்ணு, உங்கம்மா தவறிப்போய் உன்னை நான் தூக்கிக்கிட்டு வரதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணு வயித்துல இருந்தா. மாசம் நெறஞ்சு ஒருநாள் அசையறது நின்னுபோச்சு. அவளை இழுத்து எடுத்ததுலதான் எனக்குக் கீழ கிழிஞ்சது, இந்தக் கஷ்டமே அதுலேர்ந்துதான். முகத்தைக் கூடக் காட்டல. இப்ப நான் ஒருக்களிச்சுப் படுத்தா துடிப்பும் மாறுது, உக்காந்தா ஒரு மாதிரி, நின்னா ஒரு மாதிரி. படிச்சவ நீ சிரிப்பே, சிரிச்சுக்கோ. நான் அவகிட்டப் பேச ஆரம்பிச்சுட்டேன். நல்லாத் தெரியட்டும்னு ரிமோட்டைக் கூட்டிக்கிட்டே போனேன், கால் கட்டைவிரல் தானா மடங்கற வரைக்கும்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நர்ஸம்மா பாத்துட்டு, என்னம்மா இவ்வளவு ஏத்தி வெச்சிருக்கீங்க, தெரிஞ்சும் தெரியாம இருக்கறதுதான் அளவுன்னு பட்டனை இறக்கினாங்க. சட்டுனு அசைவு நின்னுச்சு. ஐயோ நின்னுபோச்சு, நின்னுபோச்சுன்னு நான் போட்ட சத்தத்துல வெளிய உக்காந்திருந்தவங்க எட்டிப் பாத்தாங்க, அன்னைக்கும் இதேதான் கத்தினேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நிக்கலம்மா, உங்களுக்குத் தெரியலையே தவிர உள்ள நடந்துக்கிட்டுத்தான் இருக்குன்னாங்க. மெஷினைத்தான் சொன்னாங்க, எனக்குத் தெரியாதா. ஆனா வீடு வர வரைக்கும் இடுப்புல வெச்ச கையை நான் எடுக்கல. துடிச்சாலும் பயமா இருக்கு, நின்னாலும் பயமா இருக்கு. வேணாம்னு சொல்லிட்டா திரும்ப மாத்துத் துணி, கதவோரம். வேணும்னா காலம் பூரா அவளை உள்ள வெச்சுக்கிட்டுத் திரியணும். யோசிச்சு யோசிச்சு, வெச்சுடுங்கன்னு சொல்லிட்டேன். நான் கையை வெச்சா ஏத்திக்கிட்டேதான் இருப்பேன், அதனால ரிமோட்டை நீங்களே வெச்சுக்கோங்கன்னு சித்தப்பாகிட்ட சொன்னேன். ஒரு கேலி இல்ல, கிண்டல் இல்ல. ரிமோட்டை வாங்கிக்கிட்டு, உள்ள வெச்சுத் தெச்சுட்டா அவளுக்கு மூச்சு முட்டாதில்லன்னு கேட்டாரு. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லடி. தனியாப் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைகிட்ட மல்லுக்கு நிக்காதே. போன்ல இதைப் பத்தி மூச்சு விடாதே, அவரு தாங்க மாட்டாரு. ஆபரேஷன் வர்ற திங்கக்கிழமை, நீ வேண்டிக்கும்போது எங்க ரெண்டு பேருக்கும் வேண்டிக்கோ, அவரை நான் இதுல சேக்கல. நீ நெறஞ்ச ஆயுசோட இருக்கணும்னு கடவுளைக் கும்பிட்டுக்கிட்டு,

உன்னை வளத்த
சித்தி