பானை இறங்கும்வரை

அன்புள்ள கலாராணிக்கு,

கட்டார் தொழிலாளர் விடுதியின் சமையல் சக்கரவர்த்தியாகிய உன் கணவன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் அமோகமாக இருக்கிறேன். இங்கே வெயிலில் என் நிழலுக்கே வியர்க்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சின்னச் செய்தி. ஆறு வருடமாக ஆசைப்பட்டேனே, அந்த சூப்பர்வைசர் வேலைக்கு வியாழக்கிழமை காலை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கிடைத்தால் வருடா வருடம் லீவு. அந்த நேரம் பார்த்து நாற்பது பேருக்குச் சாம்பார் கொதிக்கிறது. நம் கோயில் அன்னதானச் சட்டம் உனக்குத் தெரியாததா? அகப்பை பிடித்தவன் பானை இறங்கும்வரை கைமாற்றக் கூடாது.

“அண்ணே, நீங்க போங்க, நான் கிண்டுறேன்,” என்றான் என் சமையல் கையாள் முஸம்மில்.

“போன வாரம் நீ வச்ச கறியைப் பாத்து காக்காவே கும்பிட்டுட்டுப் போயிருச்சுடா!” என்றேன்.

பானையை இறக்கிவிட்டு ஓடினேன். நேர்முகம் முடிந்து ஆபீஸ் பூட்டியிருந்தது. திரும்பி வந்தால், நாற்பது பேர் விட்ட ஏப்பத்தில் பாலைவனமே அதிர்ந்தது.

நம் மாத்தளைத் தேர்த் திருவிழாவில் மட்டும் என்ன? நீ வாழையிலை கழுவ, நான் அகப்பையோடு நிற்க, நாம் ஒரு வருடமாவது தேர்வடம் பிடித்தோமா?

இந்த வருடத் தேருக்கு வர முடியாது. லீவில் இந்தக் கடிதத்தோடு வரும் முஸம்மிலிடம் நீ இடித்த மிளகாய்த்தூளும் நான் வீட்டில் உடுத்தும் பழைய சாரமும் கொடுத்துவிடு. அவனை ஏற்ற வேன் வந்துவிட்டது, டிரைவர் ஹோர்ன் அடிக்கிறான்.

தேர் வரும்போது போன் எடு. மேளச்சத்தம் மட்டும் போதும். உன் முகத்தைக் காட்டாதே, அன்றைக்குச் சாம்பாரில் உப்புக் கூடிவிடும்.

உன்,
சிவஞானம்