டிராயரில் இருந்த கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படியைக் கண்டால் மட்டும் வருகிறது, டிவி பக்கம் நடக்கும்போது வருவதில்லை. நம் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற எழுத்துப் பலகையின் கடைசி வரி மங்கிப் போய், வருகிறவர்கள் எல்லாம் தங்கள் கண்தான் போய்விட்டது என்று பயந்தார்கள், புதுசு மாற்றிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன் இல்லையா, யோசிக்க அதில் ஒன்றும் இல்லை, சொல்லத்தான் வாய் வரவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் கதையை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம். அம்மாவுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பா அந்த ஊர் கட்டுகிற வீடியோ கேமே கதி என்று இருந்தாள், இப்போது பத்து நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், ஸ்கூல் விட்டு வந்ததும் டேப்லெட்டைத் திறந்து பார்க்கிறாள், வைத்துவிடுகிறாள், சாப்பாட்டில் மனசில்லை, இது கெட்ட பழக்கம் முத்திப் போச்சு போலப்பா, நீங்க முப்பது வருஷமா கண்ணு பார்க்கிறவர், கெடுதல்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே அழிச்சிடறேன் என்றாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. நிறுத்திவிடு, கண் கெட்டுவிடும் என்று இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். அதை நேற்று கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏன் ஆசை என்றால் உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. நீ சிரித்தாலும் சரி, எழுதிவிட்டேன். உன் அத்தை போன பிறகு தனியாக இருக்கிற மனுஷன், அவர் மேல் பொறாமைப்படக் கூடாதுதான், ஆனாலும் வயிறு எரிகிறதே என்ன செய்ய. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவருக்கு அந்த விளையாட்டுக்குள் பாப்பா ஒரு லாரி கொடுத்திருக்கிறாள். அவள் பேக்கரி வைத்திருக்கிறாளாம், அவர் மாவு மூட்டை கொண்டுபோய் இறக்குவாராம். இங்கே காலை ஏழு மணி, அங்கே உங்களுக்குச் சாயங்காலம், இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் அதுதான் வேலை. முடித்ததும் நேரே என் கடைக்கு வந்து, நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் வாசலில் நின்றுகொண்டு, நேத்து நம்ம பாப்பா பாலம் கட்டிட்டா சம்பந்தி, என் லாரிதான் முதல்ல போகணும்னு ரிப்பன் எல்லாம் கட்டி வச்சிருந்தா என்பார். நம்ம பாப்பாவாம். எனக்குத் தெரியாத என் பேத்தியை அவர் தினமும் எனக்கு அறிமுகம் செய்து வைப்பார், நான் துடைத்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருப்பேன். நான் போன் செய்தால் என்ன பேசுகிறாள், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், படிச்சியா, படிச்சேன், அம்மாகிட்ட குடுக்கட்டா, அவ்வளவுதான். தமிழ் எழுத்துப் புத்தகம் இரண்டு வருஷமாக ஒன்று மாற்றி ஒன்று அனுப்பினேன், பிரிக்கவே இல்லை என்று நீயே சொன்னாய். அவருக்குத் தமிழ் தவிர எதுவும் படிக்க வராது என்பதற்காக மூன்றே வாரத்தில் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். அதைக் கேட்ட அன்று நான் மத்தியானம் சாப்பிடவே இல்லை, வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். இத்தனைக்கும் பாப்பா முதலில் கூப்பிட்டது என்னைத்தான், தாத்தா நீங்களும் உள்ள வாங்க என்றாள், எனக்குக் கடையில வேலை இருக்கு கண்ணு, அதெல்லாம் வெட்டிப் பொழுது என்றேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

இனிமேல்தான் கேட்கக் கூடாத விஷயம். இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் மாமனார் தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்துவிட்டார். பழசு ஒன்றுகூடக் கைவசம் இல்லை, பவரும் ஏறியிருந்தது. நான்தான் பார்த்து லென்ஸ் சொல்லிவிட்டேன், நாலாம் நாள் வந்தும்விட்டது. பவர் சரிபார்த்தேன், ஃபிரேமில் மாட்டினேன், துடைத்து டப்பாவில் வைத்தேன், டப்பாவை டிராயரில் வைத்து மூடினேன். வந்துடுச்சா சம்பந்தி என்று வந்தார். இன்னும் வரலை என்றேன். முப்பது வருஷத்தில் ஒருத்தர் கண்ணாடியையும் நான் ஒரு நாள் தாமதித்ததில்லை. ஒரே ஒரு காலை அந்தப் பாலம், ரிப்பன் கதை இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன், அது ருசித்துவிட்டது. பதினோரு நாள். தினமும் வந்து கேட்பார், நீங்க சொன்னா சரிதான் என்று போவார், ஒரு நாள் கடைப் படியில் கால் தடுமாறி நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன், அப்போதும் டிராயரைத் திறக்கவில்லை. அந்த ஏழு மணியை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று பாப்பாவுக்கு போன் போட்டேன், எடுத்ததும் அவள் கேட்டது, அந்தத் தாத்தா ஏன் வரலை. மூக்கறுபட்டுப் போனை வைத்தேன்.

நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று நம்பி அவர் உங்களிடம் எதுவும் சொல்லாமலே இருந்திருக்கிறார், முந்தாநாள்தான் பாப்பாவிடம் போனில் சொன்னாராம். நேற்று கடைக்கு வந்தவர் மொபைலை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார், குழந்தை எழுதினது பதினஞ்சு நாளா சேர்ந்து கிடக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சம்பந்தி என்று என் கையில் கொடுத்தார். படித்தேன். லாரி சும்மா நிக்குது தாத்தா. பேக்கரில மாவு தீந்துபோச்சு, பரவால்ல, மூடி வச்சிருக்கேன். உங்களுக்கு என்மேல கோவமா. அதைப் படித்ததும் மொபைலை அவரிடமே நீட்டினேன், அவர் மேலே படிங்க என்றார். கடைசியில் இருந்தது இது. கண்ணாடி உடஞ்சா கவலப்படாதீங்க, எங்க கண்ணாடித் தாத்தாகிட்ட போங்க, அவர் எல்லார் கண்ணையும் உடனே சரி பண்ணிடுவார்.

டிராயரைத் திறந்தேன். இப்பதான் வந்தது என்றேன். அவர் போட்டுக்கொண்டு முதலில் மொபைலைப் பார்க்கவில்லை, டப்பாவைத்தான் பார்த்தார். அதன் மேல் லென்ஸ் வந்த தேதிச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது, கிழிக்க மறந்திருக்கிறேன். படித்தார். சீட்டை மெதுவாகப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நல்லா தெரியுது சம்பந்தி, டீ சொல்லுங்க என்றார். திட்டியிருந்தால் தேவலை. டீ குடித்துவிட்டுப் போகும்போது, நாளன்னைக்குக் காலையில நீங்களும் வாங்க, லாரியில கிளீனர் சீட்டு காலியாத்தான் இருக்கு என்றார். முப்பது வருஷத் தொழிலுக்கு எனக்குக் கிளீனர் வேலை, பார்த்துக்கொள்.

ஆகவே நீ கேட்டதற்கு நிஜமான பதில். கெடுதல் இருக்கிறது, அது பொய்யில்லை. திரையை வெறிக்கிற குழந்தை கண் சிமிட்ட மறக்கிறது, கண் காய்ந்து கசக்குகிறது, வெளியே ஓடுகிற நேரம் குறைகிறது, கிட்டத்திலேயே பார்த்துப் பழகித் தூரம் தெரியாமல் வருகிற பிள்ளைகளை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். அரை மணிக்கு மேல் வேண்டாம், நடுவில் எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் இருக்கிற மரத்தைப் பார்க்கச் சொல், வெளியில் விளையாடி வந்த பிறகுதான் டேப்லெட், சாப்பிடும்போது கூடாது, முகம் தெரியாத யாரையும் அந்த ஊருக்குள் விடாதே. ஆனால் அழிக்காதே அம்மா. என் புத்தகத்தால் முடியாததை அது செய்திருக்கிறது, ஒரு பாலம் இடிந்தால் திரும்பக் கட்டுகிற பொறுமை வந்திருக்கிறது. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது விளையாட்டுப் பைத்தியத்தால் இல்லை, தாத்தாவுக்காகக் காத்திருந்தாள். காக்க வைத்தவன் நான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்வாள். மாமனாரிடம் இதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே. லாரி ஸ்டீயரிங் எனக்கு எப்போது கிடைக்கும் என்று மட்டும் பாப்பாவிடம் நைசாகக் கேட்டு எழுது. ஆனால் டிராயர் விஷயம் அவள் காதுக்குப் போகவே கூடாது. எல்லார் கண்ணையும் உடனே சரி பண்ணுகிறவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள், இனிமேலாவது அப்படி இருந்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(நாளைக் காலை ஏழு மணியிலிருந்து லாரி கிளீனர்)