சாவி அட்டையில் ‘சார் சொன்னது’

இந்த ஆண்டின் முதல் பெருமழைக்கு மறுநாள் படுக்கையறைச் சுவர் மறுபடி ஈரம் கோத்துவிட்டது. நனைந்த சிமெண்டின் அந்த வாசனை வரும்போதெல்லாம் நீங்களும் வந்துவிடுகிறீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டை விற்றுத்தர உங்களைத்தான் கேட்டேன். இந்த மராத்தி ஊரில், ஏரவாடாவைத் தாண்டி இந்தப் பக்கம் வீடு தேடும் தமிழர்களுக்கு நீங்கள்தான் புரோக்கர். அறை அறையாகப் பார்த்துவிட்டு, “மழைக்கு ஒழுகுங்களா சார்? நமக்குள்ள மறைக்க வேண்டாமுங்க” என்றீர்கள்.

“இல்லை” என்றேன். அந்தச் சுவருக்கு முந்தைய வாரம்தான் பெயின்ட் அடித்திருந்தேன்.

நான் தந்த மாற்றுச் சாவியில் கட்டியிருந்த அட்டையில் எழுதிக்கொண்டீர்கள். “உங்க பத்திரிகைத் தொழில் மாதிரிதானுங்க. யார் சொன்னதுன்னு குறிச்சு வெச்சாத்தான் நாளைக்குப் பதில் சொல்ல முடியும்.” இருவரும் சிரித்தோம்.

வாங்குபவர் பக்கத்து ஏஜென்ட் ஒரு மராத்தியப் பெண். நீங்கள் அவரை அக்கா என்ற பொருளில் ‘தாயி’ என்பீர்கள். அவருக்கு நீங்கள் ‘அண்ணா’. உங்கள் இருவருக்கும் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கொண்டுவரும் வீட்டை மற்றவர் போய்ச் சோதிப்பதில்லை. போனில் கேட்பது, கேட்டதை அப்படியே தன் பார்ட்டியிடம் சொல்வது. என் முன்னாலேயே அவரை அழைத்து இந்தியில் சொன்னீர்கள்: “ஒழுகல் இல்லை தாயி. என் பார்ட்டி பேப்பர்காரர், பொய் சொல்ல மாட்டார்.”

நான் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டை வாங்கவிருந்தவர், சாகண் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் எஞ்சினியர், முன்பணம் தருவதற்கு முன் மனைவியுடன் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார். இரண்டு நாளாக அடைமழை. அவர் மனைவி சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தபோது பெயின்ட் கையோடு வந்தது. உடன் வந்திருந்த தாயி உங்களைப் பார்த்தார்.

“அண்ணா, இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சாவி உங்கள் கையில் இருந்தது. அட்டையை வாசித்திருந்தால் போதும். கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டு, “ஆமா தாயி, நான்தான் சரியாப் பார்க்கலை” என்றீர்கள். எதை மூடினீர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

அதன்பின் தாயி உங்கள் போனை எடுக்கவில்லை. மராத்தி வீட்டுக்காரர்களின் வீடுகள் அவர் வழியாகத்தான் உங்களுக்கு வந்துகொண்டிருந்தன, அவை நின்றன. நான் விசாரித்தபோது, “எடுப்பாங்க சார், கோவம் ஆறட்டும்” என்றீர்கள். பிழையான செய்திக்கு மறுநாளே திருத்தம் போட்டுப் பழகியவன் நான். இதற்குப் போடவில்லை. விற்கும் எண்ணத்தைக் கைவிட்ட பிறகும், சாவியை வாங்க உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன மாதம் நீங்கள் இறந்துபோனீர்கள். உங்கள் மனைவிதான் சாவியைத் தந்தார். அட்டையில் உங்கள் பொடி எழுத்து: “மூணாம் மாடி. ஒழுகல் இல்லை. சார் சொன்னது.”

நேற்று தாயியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணா போன் வந்து எத்தனை தடவை நான் எடுக்காம விட்டேன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது அந்தச் சாவியால்தான் கதவைத் திறக்கிறேன். அட்டையை அவிழ்க்கவில்லை. அதில் நடுவரி பொய். கடைசி வரியில் பிழை ஏதும் இல்லை.