பனிவண்டியை ஓட்டியது நான்தான்

கிரவீன்,
மார்ச் 9

அன்புள்ள தாரகாவின் அப்பாவுக்கு,

நீங்களும் தாரகாவும் மருமகனும் சின்னக்குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்று இதை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மெல்பேர்ணுக்குக் கடிதம் எழுதுகிற காலமா இது என்று சிரிப்பீர்கள். போனில் நான் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே ‘சரி சரி, உயிர் தப்பியதே போதும், விடும்’ என்கிறீர்கள். மூன்று தடவை அப்படித்தான் நடந்தது. கடிதத்தில் நீங்கள் இடையில் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

குழந்தைக்குத் தொப்புள் காய்ந்துவிட்டதென்று தாரகா படம் அனுப்பினாள். மூக்கு உங்களுடைய மூக்கு. வெயில் குறைந்த பிறகே வெளியில் கொண்டுபோகச் சொல்லுங்கள். இங்கே நேற்றும் முப்பத்தெட்டு பாகை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பஸ் டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் மதுரைப் பையன் நரேன் வந்து, “என்னக்கா, பனியில உங்கள யாரோ காப்பாத்தினாங்களாமே? என் வொய்ஃபுக்கு வாட்ஸப்ல வந்துச்சு” என்று கேட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுடைய போனில்தான் உங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செய்தியைப் பார்த்தேன். பனிவண்டியின் பின்பலகையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் உங்கள் சங்கத்து இந்திரகுமாரின் படம். அதன் கீழே, கட்டுப்பாட்டை இழந்த நாய்களை அடக்கி அவர் ஒரு பெண்ணின் உயிரைக் காத்த கதை. அதற்கும் கீழே நீங்கள் எழுதியது: ‘என் மனைவியை எனக்குத் திருப்பித் தந்த தம்பி இந்திரகுமாருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். தருமராசா.’

அத்தோடு விட்டீர்களா? அங்கே ‘த பேசின்’ பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்திருக்கிறீர்கள். தாரகா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். யாருடைய பெயருக்கு? இந்திரகுமாரின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும். போனவள் நான், விழப்பார்த்தவள் நான், விரல் வெளிறி வந்தவள் நான். பிள்ளையாரிடம் என் பெயரைச் சொல்லக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜனவரியில் நோர்வேயின் வடக்கு முனைக்கு நாங்கள் ஆறு பேர் போனோம். நீங்கள் வரவில்லை என்றதால் உங்கள் இடத்தில் இந்திரகுமார். அந்நிய ஆணோடு நான் தனியே போனதாக ஊர் கதைக்கக்கூடாதென்று அவருடைய மனைவி தாரிணியும் வந்தாள். மற்ற மூவரும் ஒரு ஒல்லாந்துத் தம்பதியும் ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு ரீச்சரும். எங்களைக் கூட்டிப்போனவள் இங்கிரிட் என்ற பெண். தாரகாவின் வயதுதான் இருக்கும்.

இந்தப் பயணம் என் ஒன்பது வருட ஆசை என்பது உங்களுக்குத் தெரியும். நீண்டகாலச் சேவை விடுமுறையை ஒருநாள்கூடத் தொடாமல் இதற்காகவே வைத்திருந்தேன். தமிழ்ப் பெண்ணுக்கு நாயும் பனியும் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. இந்திரகுமாரிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் அது வீரம்.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். மைனஸ் இருபத்துநான்கு. சூரியன் அடிவானத்தைவிட்டு எழும்பவே இல்லை, பனி முழுவதும் ரோசாப்பூ நிறம். நாய்கள் கட்டப்பட்டதும் ஊளையிட்ட ஊளையில் காது அடைத்துவிட்டது. கயிற்றை அவிழ்த்த கணமே அத்தனை நாய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. பாதங்கள் பனியில் படுகிற சத்தமும் சறுக்குக் கட்டைகளின் சத்தமும் மட்டும்தான். அந்த அமைதியைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுதலாம். இப்போது மனமில்லை.

ஒரு வண்டிக்கு இருவர். ஒருவர் பின்னால் நின்று ஓட்டுவார், மற்றவர் முன்னால் மான்தோலில் கால்நீட்டி இருப்பார். பாதிவழியில் மாறிக்கொள்வது வழக்கம். தாரிணி பயந்து இங்கிரிட்டின் வண்டியில் ஏறிக்கொண்டாள். ரீச்சர் தனியே ஓட்டினார். இந்திரகுமாரும் நானும் ஒரு வண்டி. முதற்பாதி அவர் ஓட்டட்டும் என்று நானே விட்டேன். ஓடுகிற நாய் ஓடியபடியே மலம் கழிக்கும், அது முன்னால் இருப்பவரின் முகத்துக்கு நேரே பறக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கோப்பி குடிக்க நிறுத்திய இடத்தில் ஒல்லாந்தர் இருவரும் இடம் மாறினார்கள். நானும் எழுந்து பின்னால் போனேன். இங்கிரிட் சங்கடத்தோடு வந்து என்னைத் தடுத்தாள். ஏன் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஆங்கிலத்தில் அதில் எழுதியிருந்ததைக் காட்டினாள்.

சிலவேளை மயங்கி விழுவார். எளிதில் பயப்படுவார். வண்டி ஓட்ட அனுமதிக்கவேண்டாம்.

வீட்டில் படிவம் நிரப்புவது எப்போதும் உங்கள் வேலை. நான் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவேன். இருபத்தொன்பது வருடப் பழக்கம்.

இந்திரகுமாரைத் திரும்பிப் பார்த்தேன். “அண்ணை எனக்கும் சொன்னவர் அக்கா, உங்களை வண்டி ஓட விடவேண்டாமெண்டு” என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

தாரகாவின் அப்பா, நான் மயங்கி விழுந்தது ஒரே ஒரு தடவை. தாரகா வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது, கோயில் வரிசையில். பதினாலு வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். பென்டில் ஹில்லிலும் பரமட்டாவிலும் சனம் வேலை முடிந்து வருகிற நெரிசல் நேரத்தில், நாற்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு, மழையிலும் ஓட்டுகிறேன். கண்ணும் இதயமும் சரியென்று வைத்தியர் எழுதித் தந்தால்தான் அந்த அனுமதி. அரசாங்கம் என்னிடம் நாற்பத்தைந்து உயிரைத் தருகிறது. நீங்கள் ஆறு நாயைத் தர மறுத்தீர்கள்.

அத்தனை பேருக்கும் முன்னால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சண்டை பிடிக்கவில்லை. அந்தப் பெண் என்ன செய்வாள், தாளில் உள்ளதைத்தானே பார்க்கிறாள். திரும்பப் போய் மான்தோலில் இருந்தேன். போர்வையை இழுத்துக் கண்வரை மூடிக்கொண்டேன். குளிருக்காக அல்ல.

இருபது நிமிடம் போயிருக்கும். உறைந்த ஏரியைக் கடந்து ஒரு மேட்டில் ஏறினோம். இங்கிரிட்டின் வண்டி வளைவில் மறைந்துவிட்டது. அப்போது இந்திரகுமார் ஒரு கையை விட்டார். போனை எடுத்து வீடியோ பிடிக்கத்தான். கைபிடியை எந்த நேரத்திலும் விடவேண்டாம் என்று காலையில் மூன்று தடவை சொன்னார்கள். வண்டி ஒரு வேர்மேல் துள்ளியது. “ஐயோ” என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பின்பலகையில் ஆளில்லை.

ஆள் விழுந்தால் நாய்கள் நிற்காது. பாரம் குறைந்ததென்று இன்னும் சந்தோஷமாக ஓடும். முன்னால் இறக்கம். இரண்டு பக்கமும் மரம். இறக்கத்தில் பிரேக் இல்லாமல் வண்டி போனால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வண்டி நாய்களைவிட வேகமாக இறங்கும், கடைசி இரண்டு நாயின் முதுகில் ஏறும், பிறகு மரத்தில் போய் அடிக்கும். பிரேக்கோ எனக்குப் பின்னால், நின்று ஓட்டுபவரின் காலடியில்.

நிறுத்தச் சொல்லும் நோர்வேச் சொல் காலையில் படித்தது. அது வாயில் வரவில்லை. “இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!” என்று கத்தினேன். முன்னால் ஓடிய நூரா என்ற சின்ன நாய் ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு ஓடியது. அது உங்களைக் கூப்பிடுகிற சொல் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்திரகுமார் சொல்லுகிற ‘அக்கா பயந்து கத்தினா’ இதுதான். ஓம், பயந்துதான் கத்தினேன். பயந்தபடியே திரும்பி முழங்காலில் எழும்பி, முதுகுச்சட்டத்துக்கு மேலால் காலைப் போட்டு, பின்பலகைக்கு ஏறினேன். கம்பியைப் பிடிக்கக் கையுறை வழுக்கியது. வலக்கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் இரும்பைப் பிடித்தேன். இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்தேன். ஒரேயடியாக மிதிக்காமல், மழையில் பஸ்ஸை நிறுத்துவதுபோல விட்டு விட்டு மிதித்தேன். இறக்கத்தின் கடைசியில் வண்டி நின்றது. வண்டியை நிறுத்திவைக்கும் இரும்புக் கொளுவியை எடுத்துப் பனியில் குத்தி அதன்மேல் ஏறி நின்றேன். ஒரு நாய்க்கும் ஒரு கீறல் இல்லை.

அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நின்ற பிறகு.

பின்னால் வந்த ரீச்சர் இந்திரகுமாரைத் தன் வண்டியில் ஏற்றி வந்தார். கணுக்கால் சுளுக்கி, மீசையெல்லாம் பனி, பாவம் நடுங்கிக்கொண்டிருந்தார். இங்கிரிட் திரும்பி ஓடிவந்து முதலில் நாய்களைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள், தன் கையுறையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிச்ச வழியை நீங்கள் ஓட்டுகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்றவரைப் பார்த்து அல்ல.

பதினொரு கிலோமீற்றர். நான் ஓட்டினேன். இந்திரகுமார் மான்தோலில் இருந்தார்.

இறங்கும் இடம் வருவதற்கு முன் அவர் தலையைத் திருப்பாமலே, “அக்கா, இதை அங்கை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்றார். எனக்கு இரக்கம் வந்தது. “சரி தம்பி” என்றேன். உங்களிடம்கூட ‘வண்டி கொஞ்சம் ஆட்டம் கண்டது, ஒன்றுமில்லை’ என்றுதான் சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டு கொடுத்த இடத்தில் அவர் தன் கதையைக் கட்டிக்கொண்டார். இனி அந்த வாக்கு என்னைக் கட்டாது.

தாரிணி நேற்று போன் எடுத்தாள். “அவருக்கு வெக்கம் அக்கா. ஆரோ கேக்க ஒண்டு சொல்லிப்போட்டார், பிறகு அது வளர்ந்துட்டுது” என்றாள். அவளோடு எனக்குக் கோபமில்லை. இந்திரகுமாரோடும் பாதிக் கோபம்தான். விழுந்தவன் வெட்கப்பட்டுப் பொய் சொன்னான், அது விளங்குகிறது. நீங்கள் ஏன் நம்பினீர்கள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னிடம் கேட்டிருக்கலாமே! அவர் சொன்ன அன்றே குழுவில் எழுதிவிட்டீர்கள். மனதுக்குள் அந்தக் கதைக்கு ஏற்கெனவே இடம் வைத்திருந்தவர் மாதிரி.

ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று யோசிக்காமல் நான் கோபப்படவில்லை. நாலு வருடத்துக்கு முன் மழையில் லொறி வந்து என் பஸ்ஸில் மோதிய நாளிலிருந்து, வேலை முடிந்து நான் வரும்வரை நீங்கள் யன்னலடியில் நிற்கிறீர்கள். நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். தெருமுனையில் திரும்பும்போதே திரைச்சீலை அசைவது எனக்குத் தெரியும். அந்தப் பயம் உங்களுடையது. அதைப் படிவத்தில் என் பெயரில் எழுதிவிட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘எனக்குப் பயமாக இருக்கிறது, போகாதேயும்’ என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் ஒருவேளை போகாமலே இருந்திருப்பேன். போயிருந்தாலும் இப்படி மனம் நொந்து வந்திருக்க மாட்டேன்.

வலக்கையில் இரண்டு விரல் நுனி இன்னும் மரத்திருக்கிறது. வைத்தியர் பார்த்தார், மெல்ல மெல்ல உணர்ச்சி வரும் என்கிறார். வேலைக்குத் தடையில்லை. இதையும் மறைத்தால் நானும் உங்களைப்போல ஆகிவிடுவேன், அதனால் சொல்கிறேன்.

இங்கிரிட்டின் தலைக்கவசத்தில் கமெரா இருந்தது. ரீச்சரின் வண்டியிலும் ஒன்று. நான் இறக்கத்தில் நிறுத்தியது ரீச்சரின் கமெராவிலும் பிறகு ஓட்டியது இங்கிரிட்டின் கமெராவிலும் இருக்கிறது. இரண்டையும் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழுவில் போட ஒரு விநாடி ஆகாது. போடவில்லை. தாரகாவுக்கும் காட்டவில்லை. உங்களுக்கும் அனுப்பமாட்டேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் நம்பினால் நம்பியது கமெராவைத்தான். எனக்கு அது வேண்டாம்.

சின்னக்குட்டிக்கு என் முத்தங்கள். அவள் எந்த வண்டியை ஓட்ட ஆசைப்பட்டாலும் ஓட்டட்டும், விழுந்தாலும் எழும்பி ஓட்டட்டும் என்று அந்தப் பிள்ளையாரிடம் கேளுங்கள். மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

பெப்ரவரிக் கடைசியில் வருவதாகச் சொன்னீர்கள். பிறகு அடுத்த கிழமை என்றீர்கள், பிறகு முழங்கால் நோவு என்றீர்கள். முழங்காலுக்கு இங்கேயும் எண்ணெய் இருக்கிறது. வருவதற்கு முன் ஒன்று செய்யவேண்டும். அந்தக் குழுவில், உங்கள் கையாலேயே, ‘அன்று வண்டியை ஓட்டியவள் தவநாயகி’ என்று ஒரு வரி எழுதுங்கள். இந்திரகுமாரைக் குறை சொல்லவேண்டாம், என்னைப் புகழவும் வேண்டாம். அந்த ஒரு வரி போதும். எழுதிவிட்டு வாருங்கள்.

எழுதாவிட்டாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உங்கள்
தவநாயகி