இரண்டாவது ஊசி

3 மார்ச் 2009

இன்று அம்மாவிடம் சொல்லாதது: உன் நுரையீரலில் இருப்பது புற்றுநோய். கழுத்தில் தட்டுப்படும் கட்டி அது பரவியதால் வந்தது.

சளிக்கட்டி என்று அண்ணன் ஜமீர் சொல்லிவைத்த பொய்யையே நானும் சொன்னேன். கட்டியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் மாத்திரை கேட்குமாம். நுரையீரலில் ஊசி குத்தி எடுத்த சதையில் அது இல்லை. அவ்வளவுதான் என்று அண்ணன் முடித்துவிட்டார்.

6 மார்ச்

ஏனாத்தூரில், நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பரவிய கட்டி முதல் கட்டியின் நகல் அல்ல. இதில் இல்லாத மாற்றம் அதில் இருக்கலாம் – அரிதாக. இதில் என்ன அதிசயம்? நானும் ஜமீரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே.

9 மார்ச்

கழுத்திலும் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அம்மா சம்மதிக்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணன் உத்திரமேரூர் கடைவீதியே கேட்கக் கத்தினார். ஊசி பட்டால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவுமாம். "நாலு புக்கு படிச்சிட்டு டாக்டருக்கே பாடம் எடுத்துக்கினு கீறியா?"

ஊசிக்கு முன்னாலேயே பரவிவிட்டதே, அண்ணே. இதையும் சொல்லவில்லை. சே! இன்னும் எத்தினி நாள் வாய மூடிக்கினு இருக்கறது?

10 மார்ச்

சொல்லிவிட்டேன்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சளிக்கா உங்கண்ணன் கொல்லையில போயி அழுதுக்கினு கீறான்?" என்றாள். அப்புறம் செதிலை உதறிவிட்டு, "கழுத்து யாருதுடி? என்னுது. எப்ப போலாம்?"

13 மார்ச்

ஊசி முடிந்தது. அண்ணன் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோர இடத்துக்கு என்னோடு சண்டை போட்டு ஜெயித்தாள்.

30 மார்ச்

கழுத்துக் கட்டியில் மாற்றம் இருக்கிறது! ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தேன். அண்ணனிடம் நீட்டினேன். படித்துவிட்டு மாத்திரை வாங்கப் போனார்.

17 ஜூன்

கழுத்தில் கட்டி இல்லை. அம்மா என் விரலைப் பிடித்து வைத்துத் தேடச் சொன்னாள். நுரையீரலில் இருப்பது மட்டும் அசையவில்லை. அதில் அந்த மாற்றம் இல்லை; மாத்திரைக்குப் பணியாது.

14 பிப்ரவரி 2010

வியாழக்கிழமை அம்மா மௌத்தானாள். கழுத்துக் கட்டி கடைசிவரை திரும்பவில்லை.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு எல்லம்மாள் அக்கா, உங்கம்மாவுக்கு இன்னா ஒடம்பு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "கேன்சரு, அக்கா. அம்மாவுக்கே தெரியும்."