என் தயவில் முளைத்த புல்

சித்திரை 12, வெள்ளி

நீரோட்டம் பார்ப்பவர் இன்று சங்கராபுரத்திலிருந்து மலைக்கு வந்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியும் கூடவே வந்தது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு எங்கள் கொல்லையைச் சுற்றினார். மேட்டில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. அங்கே போனதும் தேங்காய் எழுந்து நின்றது.

"இங்கதான் ஊத்து ஓடிக்கினு இருக்குது" என்றார். துளை போட அடையாளமாக அப்பா அங்கே கல் நட்டுவிட்டார். இது பொய்த்தால் இன்னொரு போர் போட எங்களுக்குச் சக்தி கிடையாது.

ஆட்டுத் தொட்டி கழுவிய தண்ணீரைத் தென்னை வரை சுமக்கச் சோம்பல்பட்டு, தினமும் அங்கேதான் கொட்டுகிறேன்.

"அப்பா, அந்த ஊத்து நான்தாம்பா."

அப்பா என்னை முறைத்தார். வந்தவர் தேங்காயை முறைத்தார்.

"இத்த இன்னாத்துக்குடா இம்மாம் நேரம் சொல்லல?" என்று கேட்டுவிட்டு, அப்பா பள்ளத்துக்கு இறங்கினார். மழை விட்டும் மாதக்கணக்கில் கசிகிற பாறை வெடிப்பைக் காட்டினார். வண்டி அங்கே போனது. மாலைவரை வெறும் கல்பொடி பறந்தது. பிறகு பொடி சேறானது, சேறு தண்ணீரானது.

"டேய் ஊத்து, துன்ன வாடா" என்று அப்பா சோற்றுக்குக் கூப்பிட்டார். இந்தப் பெயர் நிலைத்துவிடும் போலிருக்கிறது. இருக்கட்டும். காதுக்குள் இன்னும் கல்பொடி.